ஐந்தாம் கட்டத்துப் பிடிவாதம்

ஹெரேஸ் சந்தையில் மீன் விற்கும் ரெமெடியோஸ் ஐம்பது வயதுக்கு மேல்தான் கிதாரைத் தொட்டாள். அவள் கணவன் ஃப்ராஸ்கோ பாடினால் வாசிப்பது அவன் தம்பிதான். அந்தத் தம்பி பெண்டாட்டி ஊரான பார்சிலோனாவுக்கே குடிபோய்விட்டான். மகள் கல்யாணத்தில் அப்பன் பாடவேண்டும், வாசிக்க வீட்டில் வேறு ஆளில்லை.

கம்பிகளின் மேல் விரல் வைக்கும் நாலு பிடிப்புகளைக் கற்றுக்கொண்டாள். கம்பிகளை அழுத்தும் கவ்வியை கிதாரின் கழுத்தில் எந்தக் கட்டத்தில் மாட்டினாலும் பிடிப்பு மாறாது, கட்டம் ஏறினால் சுருதி ஏறும், கட்டம் இறங்கினால் சுருதி இறங்கும் என்பதும் பிடிபட்டது.

"அஞ்சுல மாட்டு. வாலிபத்துலேர்ந்து எனக்கு அஞ்சுதான்" என்றான் ஃப்ராஸ்கோ. பாடிப் பார்த்தபோது உச்சியில் குரல் உடைந்தது. "உன் விரல் தடுமாறுதுடி."

"விரலாய்யா தடுமாறுது? தொண்டையக் கேளு."

அவன் முறைத்துக்கொண்டு எழுந்து போனான்.

சம்பந்தி வீட்டார் முன்னால் குரல் உடைந்தால் அவன் தலை நிமிராது என்று அவளுக்குத் தெரியும். கல்யாணத்தன்று கவ்வியை மூன்றில் மாட்டி, அவன் கண்ணில் படாமல் சால்வை நுனியால் மூடிக்கொண்டாள். ஃப்ராஸ்கோ பாடினான். உச்சியில் குரல் உடையாமல் நின்றது. சம்பந்தி எழுந்து "ஓலே!" என்று கத்தினார்.

கைதட்டல் ஓயுமுன் ஃப்ராஸ்கோ அவள் பக்கம் குனிந்தான்.

"முதல் மீட்டல்லயே தெரிஞ்சுபோச்சுடி. அடுத்த பாட்டுக்கு ரெண்டுல மாட்டு. அந்தச் சால்வைய எடு, கிதாருக்கு வேர்க்குது."