வால் முளைத்த புள்ளி

இதை எழுதாமலே விட்டிருப்பேன். பாதிப் பள்ளிக்கூடத்தோடு நின்றவன் கணக்கைப் பற்றி எழுதினால் ஊர் சிரிக்கும். ஆனால் போன வாரம் வாங்கிய பழைய போனில் கால்குலேட்டரைத் திறந்து ஒன்றரை என்று அடித்தால், அது 1,5 என்று காட்டியது. முன்பு வைத்திருந்தவர் எல்லாவற்றையும் பிரெஞ்சில் மாற்றி வைத்திருந்தாராம். அந்தக் கமா பழைய கணக்கு நோட்டை ஞாபகப்படுத்திவிட்டது.

ஏழாம் வகுப்பு. 'சுருக்குக' என்று பன்னிரண்டு கணக்குகள். தசமம், பின்னம், எண்ணின் தலைமேல் குட்டியாக உட்கார்ந்திருக்கும் அடுக்கு, எல்லாம் ஒரே வரியில். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பெரியப்பாவிடம் நோட்டை நீட்டி, "இதெல்லாம் ஒங்களுக்கு மறந்து போயிருக்கும்" என்று சீண்டினேன். ரோஷத்தில் பன்னிரண்டையும் போட்டு முடித்தார். நான் அச்சுப் பிசகாமல் பார்த்து எழுதினேன். புள்ளி இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் கமா இருந்ததை நான் கவனிக்கவில்லை. கணக்கு வாத்தியார் கவனித்தார்.

"இன்னாடா இது?"

"புள்ளிதான் சார். பேனா இழுத்துடுச்சு."

"எல்லாப் புள்ளிக்குமா வால் மொளைச்சுது? இத போட்டவர நாளைக்குக் கூட்டினு வா. இல்லன்னா ஒங்கப்பாவுக்கு நானே போன் பண்றேன்."

வகுப்பே சிரித்தது. இன்னொரு புகார் வந்தால் திண்டிவனத்தில் ஹாஸ்டல் என்று அப்பா சொல்லியிருந்தார், பெட்டிகூட வாங்கியாகிவிட்டது. பக்கத்து பெஞ்சு நண்பன் மட்டும் சிரிக்காமல் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தான்.

பெரியப்பாவிடம் அழுதேன். மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து வகுப்பு வாசலில் நின்றார்.

"அது விர்கூல் சார். பிரெஞ்சுல புள்ளிக்குப் பதிலா அதத்தான் போடுவோம். நான் சொல்லிக் குடுத்த பழக்கம். கணக்கு அவன் போட்டதுதான்."

தப்பித்தேன் என்று நினைத்தேன். வாத்தியார் சாக்பீஸை என் பக்கம் நீட்டினார்.

"அப்ப மொதல் கணக்க போடு."

பலகையில் (1.5)² − ¼ என்று அவரே எழுதினார். தலைமேல் இருந்த குட்டி இரண்டைப் பார்த்தேன். இரண்டு என்றால் இரண்டால் பெருக்க வேண்டியதுதானே? 3 என்று எழுதினேன். அதிலிருந்து ¼-ஐக் கழித்தேன். 2.75. புள்ளியை மட்டும் நன்றாக அழுத்தி, உருண்டையாக வைத்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. திரும்பினால், பெரியப்பா பலகையைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியார் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார்.

"நீங்க கெளம்புங்க ஐயா. அவன நான் பாத்துக்கறேன்."

அப்பாவுக்குப் போன் போகவில்லை.

அந்தச் சனிக்கிழமை பெரியப்பாவோடு மாதா கோயிலுக்குப் போனேன். சாமியாரிடம் செய்த பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் என்றால் அவர் போன வேகத்தில் வந்துவிடுவார். அன்று வெகுநேரம் முழங்காலில் இருந்தார். வாசலில், "அப்படி இன்னா பாவம் பண்ணீங்க பெரியப்பா?" என்று கிண்டலடித்தேன். சைக்கிள் பூட்டைத் திறந்தபடி, "ஏறி ஒக்காரு" என்று மட்டும் சொன்னார். ஹாஸ்டலுக்குத் தப்பிய சந்தோஷத்தில் வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தேன். உள்ளே அவர் இறக்கி வைத்துவிட்டு வந்தது என் கணக்கைத்தான் என்று தெரியாமல்.

இதை எழுதி அந்தப் பக்கத்து பெஞ்சு நண்பனுக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது:

"அது இருக்கட்டும் மச்சான், ஒன்றரைய ஒன்றரையால பெருக்கினா எவ்ளோன்னு இப்பவாவது தெரியுமா?"