லீக்ஸ் பாத்திக்கு வந்த தியரிகள்

போன ஞாயிற்றுக்கிழமை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பக்கம், டயகமவுக்குப் போயிருந்தேன். முதல்நாள் ராத்திரி பெய்த மழையில் பாதையெல்லாம் சேறு. கூட வந்தவர் என் பழைய நண்பர் குகதாசன். யாழ்ப்பாணத்துக்காரர், பல்கலைக்கழகத்தில் புவியியல் விரிவுரையாளர். மண்ணரிப்பு என்றால் சாப்பாட்டையே மறந்துவிடுவார்!

நான் பக்கத்து லிந்துலையில், பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறவன். அவர் மலைநாட்டுக்கு வந்தால் வழிகாட்டுவதும் குடை பிடிப்பதும் நான்தான்.

நாங்கள் போனது பூமாலை அக்காவின் லீக்ஸ் பாத்திக்கு. அக்கா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்து, குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் உள்ள சரிவில், வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் லீக்ஸ் போட்டு விற்கிறார். பிள்ளைகளின் படிப்பு அந்த லீக்ஸில்தான் ஓடுகிறது. ஆனால் நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். மண் கரைந்து ஓடையில் சேர்கிறது, பாத்தியை எடுத்துவிடு என்று தோட்டத்தின் உதவி மேலாளர், அதாவது சின்னத்துரை, சொல்லிவிட்டார். அன்று நேரில் பார்க்க வருவதாகவும் தகவல்.

குகதாசன் இந்தச் சரிவுக்கு முதலில் வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அப்போது அவர் தீர்ப்பு ரொம்பச் சுலபம். "சனம் கூடிப் போச்சு. விளக்கமில்லாமல் சரிவைக் கொத்துகினம். பிறகு மண் நிக்குமே?"

சில வருடம் கழித்து, வெளிநாட்டில் படித்துவிட்டு மறுபடி இங்கே வந்தார். ஆளே மாறியிருந்தார்... தியரியும்!

"பிழை சனத்திலை இல்லை ஐசே. காட்டை வெட்டித் தேயிலை நட்டது ஆர்? இவையைக் காணியில்லாமல் வைச்சிருக்கிறது ஆர்? அதை விட்டிட்டு லீக்ஸிலை பழி போடுறதே?"

'அரசியல் சூழலியல்' என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பக்கத்தில் நின்ற அக்காவும் கேட்டார். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அதன்பிறகு எந்த அதிகாரி வந்தாலும், "வெள்ளக்காரன் காட்ட வெட்டுனதுக்கு நாங்க என்னாங்க செய்யிறது?" என்று ஒரு பிடி பிடிப்பார்.

இந்த முறை? தியரி மறுபடியும் மாறிவிட்டது. "மண்ணரிப்பு எண்டு ஆர், ஆரைப் பாத்து, ஏன் சொல்லுகினம் – அதைத்தான் முதலிலை பாக்க வேணும்" என்று பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டார்.

பாத்திக்குப் போனால்... பாதி லீக்ஸைக் காணோம்! மேலே சுப்பையா அண்ணன் போட்டிருந்த உருளைக்கிழங்குப் பாத்தி மழையில் கரைந்து, அக்காவின் லீக்ஸ் மேல் வந்து உட்கார்ந்திருந்தது. அக்கா இடுப்பில் கை வைத்து மேலே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துச் சின்னத்துரையும் வந்து சேர்ந்தார்.

"பாருங்க தொர! அறிவு இருக்கா இந்த மனுசனுக்கு? சரிவுல இப்புடி கொத்துனா மண்ணு நிக்குமா? மொதல்ல அந்தக் கெழங்குப் பாத்திய எடுக்கச் சொல்லுங்க!"

நான் குகதாசனைப் பார்த்தேன். அவர் எப்போதோ தூக்கிப் போட்ட முதல் தியரி!

சின்னத்துரை தலையாட்டினார். "அப்ப சரி. மேல உள்ளதும் எடுக்கணும், கீழ உள்ளதும் எடுக்கணும். ரெண்டும் சரிவுதானே?"

அக்கா திகைத்தது ஒரு நொடிதான்.

"ஐயோ, சுப்பையா அண்ணன் பாவங்க தொர! அவரு என்னா செய்வாரு? எல்லாம் அந்த வெள்ளக்காரன் காட்ட வெட்டுன வேல..."

சின்னத்துரைக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து நடுவில் கல்லுக் கட்ட வேண்டும், மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்ட வேண்டும், செய்தால் பாத்திகள் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

நாமெல்லாம் மட்டும் வேறா என்ன? நம் மேல் விழும் மண்ணுக்குக் காரணம் மேலே இருப்பவரின் அறிவின்மை. நம்மிடமிருந்து இறங்கும் மண்ணுக்குக் காரணம் – சரித்திரம்!

தியரியை மாற்றக் குகதாசனுக்கு ஒரு வெளிநாட்டுப் படிப்பு தேவைப்பட்டது. அக்காவுக்கு ஒரு மூச்சு போதுமாக இருந்தது.