கொக்கி பார்க்காத கார்

ஏறுவதற்கு முன் தணிகாசலம் செருப்பைக் கழற்றிவிடுவார். அது சீட்டுக்கு அடியில் போய்விடும். வெறுங்காலில்தான் ஓட்டுவார். "செருப்பப் போட்டுக்கினு மிதிச்சா கிளட்ச்சு இன்னா சொல்லுதுன்னு காலுக்குத் தெரியாதுங்க" என்பார். கிளட்ச் அப்படி என்னதான் சொல்லும் என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார். அது அவர்கள் இருவருக்குள் இருக்கிற விஷயம்.

கார் சிவப்பு. இரண்டு கதவு, இரண்டு சீட்டு, மடக்கிப் பின்னால் தள்ளும் துணிக்கூரை. ஊரில் எல்லாரும் குடும்பத்தை ஏற்றக் கார் வாங்கினால், இவர் காற்று வாங்கக் கார் வாங்கினார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் கிரேன் ஓட்டுகிறவர், பொன்னேரிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் இந்த ஸ்போர்ட்ஸ் காரில்தான் வேலைக்கு வருகிறார். வழியெல்லாம் லாரிகள். அவற்றின் சக்கரமும் இவர் தலையும் ஒரே உயரம். கூரை கிழிந்தபோது தார்ப்பாய் தைக்கிறவரிடம் கொடுத்துத் தைத்துக்கொண்டார். மழையில் பாதியை அது தாங்கும், மீதிக்கு ஆலையின் மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வார். காருக்குள் ஹெல்மெட்டோடு போகிற மனிதரை நிறுத்துவதா, சல்யூட் அடிப்பதா என்று புதுவாயல் கூட்ரோடு போலீஸ்காரருக்கு இன்றுவரை புரிந்தபாடில்லை.

வண்டி முதலில் ஆலை முதலாளியின் மகனுடையது. ஒன்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அலுத்துப்போய் இரும்புக் கழிவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். அது நடந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்போதே தணிகாசலம் போய்க் கேட்டு வாங்கினார். அவர் குடும்பத்தில் அதற்கு முன் யாரிடமும் கார் இருந்ததில்லை. ஆலை மொத்தமும் சிரித்தது. "மொதலாளி தூக்கிப் போட்டத வாரிக்கினு வந்துட்டான்" என்றார்கள். அந்தப் பேச்சு அவருக்கு உள்ளே தைத்தது. இன்றும் அந்த இடத்தைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கிவிடுகிறது.

எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் ஆதிநாராயணன். புதுவாயலில் ரிப்பேரான வண்டிகளைக் கொக்கி மாட்டித் தூக்கிப்போகும் ரெக்கவரி வேன் வைத்திருக்கிறார். "நைனா, ஒரு மாசம். அப்பால இது என் கொக்கிலதான் தொங்கும்" என்றார். அந்த ஒரு மாசம் இன்னும் வந்து சேரவில்லை. இன்ஜினை இரண்டு முறை இறக்கி ஏற்றியாகிவிட்டது. கதவுக் கைப்பிடி வேறொரு காருடையது, சீட்டு உறை சோபாத் துணி. ஆனால் நடுரோட்டில் நின்று இன்னொரு வண்டி கட்டி இழுத்தது என்ற பேச்சே கிடையாது.

மீட்டர் மூன்று லட்சம் கிலோமீட்டரை நெருங்கியதும் மனிதருக்கு ஆசை வந்துவிட்டது. அந்த எண் புதுவாயல் டீக்கடை வாசலில், ஷிப்ட் மாறுகிற நேரத்தில், சிரித்த அத்தனை பேர் கண்ணெதிரே மாற வேண்டும். வீட்டிலிருந்து டீக்கடை வரைக்குமான தூரத்தை மட்டும் மிச்சம் வைத்து வண்டியை நிறுத்தினார். நல்ல நாள் வரும்வரை கம்பெனி பஸ்ஸில் போனார். பஸ்ஸில் அவர் முகத்தைப் பார்த்தவர்கள் வீட்டில் ஏதோ துக்கம் என்றுதான் நினைத்தார்கள்.

தை மாதத்தில் அந்த நாள் வந்தது. மனைவி கனகாம்பாள் பக்கத்துச் சீட்டில், மடியில் எலுமிச்சம்பழத் தட்டுடன் உட்கார்ந்தார். இரண்டு சீட்டு வண்டி என்று அவருக்கு ஒருநாளும் குறை இருந்ததில்லை. "வழியில எந்தச் சொந்தக்காரனும் கையக் காட்டி ஏற முடியாது பாருங்க" என்பார்.

பாதி வழியில் குழாய் பதிக்க ரோட்டை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஊருக்குள் புகுந்து சுற்றி வர வேண்டியதாயிற்று. மறுபடி மெயின் ரோட்டில் ஏறியபோது தணிகாசலம் மீட்டரைப் பார்த்தார். மூன்று லட்சத்துக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. டீக்கடைக்கோ மூன்று கிலோமீட்டர் இருந்தது. அறுப்புக்கு நின்ற வயலோரம் வண்டியை ஒதுக்கினார்.

"ஏன்யா நிறுத்திட்ட?"

"சுத்துனதுல கணக்கு பேஜாராப் போச்சு."

டீக்கடையில் பூசணிக்காயோடு காத்திருந்தவர் வேறு யாருமில்லை, ஆதிநாராயணன்தான். போனில் விஷயத்தைக் கேட்டதும் அவர் பதறினார். "நைனா, அங்கயே இரு, வண்டிய நவுத்தாத. நான் கொக்கி மாட்டித் தூக்கிக்கினு வந்துடறேன். சக்கரம் சுத்தலன்னா மீட்டரும் சுத்தாது. இங்க எறக்கிட்டு நாலடி ஓட்டு, போதும்."

யோசனையில் தப்பில்லை. அன்பாகத்தான் சொன்னார். டீக்கடைக் கூட்டத்தின் சத்தம் போனில் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்துக்காகத்தான் தணிகாசலம் இத்தனை நாள் பஸ்ஸில் போனார்.

"வேணாம் ஆதி. உன் கொக்கியப் பாக்காம வந்த வண்டி இது. அதுல தொங்கிக்கினு வந்தா மூணு லட்சம் இன்னாத்துக்கு? யாரும் பாக்கலன்னாலும் பரவால்ல. இங்கயே மாறட்டும்."

அந்தப் பக்கம் ஆதிநாராயணன் கூட்டத்தைப் பார்த்துக் கத்தியது போனில் தெளிவாகக் கேட்டது. "எல்லாரும் பைக்க எடுங்கடா."

பத்து நிமிஷத்தில் வயலோரம் திருவிழா ஆகிவிட்டது. டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஆதிநாராயணன் தன் கையாலேயே பூசணிக்காய் சுற்றி உடைத்தார். கார் புறப்பட்டது. தேரை நகர்த்துவதுபோல் தணிகாசலம் மெல்ல ஓட்டினார். இரண்டு பக்கமும் பைக்குகள். கூரையை மடக்கிய காருக்குள் நாலா பக்கமிருந்தும் செல்போன்கள் நீண்டு மீட்டரைப் படம் பிடித்தன. யாரோ விசிலடித்தார்கள். தணிகாசலத்துக்கும் மீட்டரைப் பார்க்க ஆசைதான். ஆனால் ரோடு முழுக்கப் பைக்குகள், எதிரே ஒரு டிரெய்லர் வேறு வந்துகொண்டிருந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் மனைவியைக் கேட்டார்.

"மாறிச்சா?"

"மாறிச்சுய்யா."

"ம்" என்று இரண்டாவது கியரைப் போட்டார்.