கல்வராயன் மலையில் காணாமல் போன இரும்புக்கல்

கல்வராயன் மலை அருவிகளுக்கு வழி எழுதச் சொல்லி நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். போன மாதம்தான் போய்வந்தேன், எழுதுகிறேன். ஆனால் அந்த மலை என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அருவி இல்லை, துவையல். அந்தக் கதையைச் சொல்லாமல் வழி சொல்ல எனக்கு வராது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை போனது எண்பதுகளின் கடைசியில், இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த காலம். கல்லூரித் தோழன் சேகர் அரசாங்கத்தில் நிலவியலாளர். மலையில் இரும்புத்தாது இருக்கிறதா என்று அரசுச் செலவில் துளை போட்டுப் பார்க்கும் முகாம் அவன் பொறுப்பில் இருந்தது. அருவியில் குளிக்கலாம் வா என்று கூப்பிட்டான். ஓசிச் சாப்பாடு, ஓசி ஜீப். விடுவேனா?

சென்னையில் காலை ஆறு மணிக்கு ஏறிய பஸ், பதினொரு மணிக்கு உளுந்தூர்பேட்டைக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. ரோட்டுக்குக் குறுக்கே புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளைகளைத் தாண்டினேன். மறியலில் உட்கார்ந்திருந்த ஒரு இளைஞர் எங்கே போகிறேன் என்று விசாரித்தார். சொன்னேன்.

"மலையில இரும்பு எடுத்தாங்கன்னா எங்க ஊரு பசங்களுக்கு வேல குடுப்பாங்களா சார்?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. எனக்குத் தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன். அவர்தான் கள்ளக்குறிச்சிப் பக்கம் போகிற டிராக்டர் ஒன்றில் என்னை ஏற்றிவிட்டார். நாற்பது கிலோமீட்டருக்கு மேல் காலி டிரெய்லரில் குலுங்கியதில் இடுப்பு கழன்றுவிட்டது.

ராத்திரி கள்ளக்குறிச்சியில் தங்கி, மறுநாள் காலை மலையடிவாரத்துக் கச்சிராயப்பாளையம் போனேன், அங்கே முகாம் ஜீப் வந்தது. மலையில் துளை போடும் இயந்திரத்தை ஏற்றுவதற்காகவே வெட்டிய பாதையில் போனோம். பாதை முகாமோடு முடிந்துவிடும். அதற்கு மேலே இருந்த ஊருக்கு ஒற்றையடித் தடம்தான். பிரசவ வலி என்றால் தூளி கட்டித்தான் தூக்கி வருவார்கள். அடுத்த துளை அந்த ஊருக்குப் பக்கத்தில் என்று திட்டம். அதற்குப் பணம் ஒதுக்கினால் இயந்திரம் மேலே போகும், இயந்திரத்துக்காகப் பாதையும் போகும்.

போய் இறங்கினால் சேகர் இடிவிழுந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறான். துளையிலிருந்து உருளை உருளையாகக் கல் வெளியே வரும். அதை ஆழவாரியாக மரப்பெட்டியில் அடுக்கி வைப்பார்கள். அதில் ஒரு சாண் நீளக் கல்லைக் காணோம். அதுவும் இருப்பதிலேயே நல்ல இரும்பு உள்ள துண்டு. அன்று பெரிய அதிகாரி பார்வைக்கு வருவதாக இருந்தது. அந்தக் கல்லைக் காட்டினால்தான் அடுத்த வருஷப் பணம். நல்ல வேளையாக அவருடைய ஜீப்பும் உளுந்தூர்பேட்டையில் மாட்டிக்கொண்டது. என்னைப் போல அவர் மரம் தாண்டுவாரா? ஒரு நாள் கிடைத்தது. புளியமரத்துக்குப் புண்ணியம்.

அன்று முழுக்கப் புதர் புதராகத் தேடினோம். அருவியாவது ஒன்றாவது! மத்தியானம் சாமைச் சோறும் பூண்டுத் துவையலும் வந்தன. முகாமில் சமைத்தவர் சின்னப்பொண்ணு, அந்த மேல் ஊர்க்காரர், இருபத்தைந்து வயதிருக்கும். இன்னும் கொஞ்சம் துவையல் கேட்கலாம் என்று நானே சமையல் கொட்டகைக்குப் போனேன். அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தார். குழவி ஒல்லியாக, கருப்பும் சாம்பலுமாக வரிவரியாக, கடைந்தெடுத்த மாதிரி இருந்தது. எனக்குப் பசி போய்விட்டது. சேகரைக் கூப்பிட்டேன்.

சின்னப்பொண்ணு மறைக்கவெல்லாம் இல்லை.

"பழைய கொழவி ஒடஞ்சி போச்சிங்க. நீங்க பெட்டி பெட்டியா கல்ல அடுக்கி வச்சிகினு இருக்கீங்க, ஒண்ணு எடுத்தா இன்னா கொறஞ்சிடும்னு எடுத்தேன். கனம் நல்லா இருக்குது. வழுக்குது, அதான் சந்தைக்கு எடுத்துனு போயி கொத்திக்கலாம்னு இருந்தேன்."

கொத்தியிருந்தால் தொலைந்தது! சேகர் கத்தப் போகிறான் என்று நினைத்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தக் கல் இல்லாவிட்டால் அவர் ஊருக்குப் பாதை வராது என்பதை மட்டும் மெதுவாகச் சொன்னான். அந்த அம்மாள் குழவியைக் கழுவி, முந்தானையில் துடைத்து, தானே பெட்டிக்குக் கொண்டுபோனார். பக்கத்துத் துண்டின் உடைந்த முனையோடு அது கச்சிதமாகப் பொருந்தியது. எங்களுக்கு உயிர் வந்தது.

மறுநாள் அதிகாரி வந்தார். கல்லைக் கையில் எடுத்தார், உருட்டிப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார். பூண்டு வாசனை வருகிறதே என்றார். முகாமில் எல்லாவற்றிலும் அந்த வாசனைதான் சார் என்றான் சேகர். சிரிப்பை அடக்க நான் ஜீப்புக்குப் பின்னால் ஓடவேண்டியிருந்தது. பணம் ஒதுக்கினார்கள்.

இப்போது வழி. கள்ளக்குறிச்சியிலிருந்து மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டர், கச்சிராயப்பாளையம் வழி. சொந்த வண்டி என்றால் பெட்ரோலைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பஸ் நேரத்தை நிலையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். திரும்புகிற பஸ்ஸை விட்டால் அதோகதிதான். அருவிக்கு மழை விட்ட மாதங்கள் நல்லவை, ஆனால் பாறை வழுக்கும். கையில் சில்லறை இருக்கட்டும், செல்போனை நம்பாதீர்கள்.

இரும்பு என்ன ஆயிற்று என்கிறீர்களா? தோண்டுகிற அளவுக்குத் தரமில்லை என்று சில வருஷத்தில் முகாமை எடுத்துவிட்டார்கள். சுரங்கம் வரவில்லை, அந்த இளைஞர் கேட்ட வேலையும் வரவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். ஆனால் போன மாதம் நான் மேல் ஊர் வரைக்கும் பஸ்ஸிலேயே போய் இறங்கினேன்.

சின்னப்பொண்ணு வீட்டில் சாப்பாடு. இப்போது மிக்சி வைத்திருக்கிறார், துவையல் பழைய ருசி இல்லை, அவரிடமே சொன்னேன். அந்தக் கல்லை அன்றைக்குப் பறித்துக்கொண்டதில் கோபமில்லையா என்றும் கேட்டேன். வாசலில் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. அவருடைய மகள் கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட அதில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"ஒரு கொழவிக்கு ஒரு ரோடு" என்றார். "வெல கம்மிதாங்க."