மண் ஒட்டிய காளான்

குடையைக் கவிழ்த்து மடிப்பைப் பார்க்கிறாள். காம்பின் வளையத்தைத் தடவுகிறாள். அடியில் அப்பிய செம்மண்ணை விரலால் விலக்கி, இனம் காட்டும் வெள்ளை உறையைத் தேடி, முகர்ந்து, அப்புறம்தான் வாளியில் போடுகிறாள் பானா கசோண்டே. சந்தேகம் வந்ததைப் புதரில் வீசிவிட்டு, அதையும் இரண்டு திட்டு திட்டுவாள்.

செரெஞ்சே சாலையோரத்தில் மழைக்காலம் முழுக்க அவளுக்கு ஒரு பக்கம் நான் மாவுருண்டை பொரிக்கிறேன். மறுபக்கம் அவள் நாத்தனார் ம்வீலா காளான் விற்கிறாள். மூவர் வயிறும் நிற்கிற கார்களை நம்பித்தான். தெந்தே காளானென்றால் நகரத்துக்காரர்களுக்கு உயிர். மண் மட்டும் ஆகாது.

"அடியை நறுக்கிக் குடும்மா, கார் அழுக்காயிடும்."

"நறுக்கிட்டா இது தெந்தேதான்னு உங்கப்பனா வந்து சொல்லுவான்? மூஞ்சிய மூடிக்கிட்டு வர்றவனுக்குப் பொண்ணு குடுப்பியா நீ?"

ம்வீலா நறுக்கிக் கொடுப்பாள். வெள்ளைவெளேரென்று அடுக்கினால் உடனே விற்றுவிடும். போன வாரம் அவளிடம் வாங்கிப்போன குடும்பம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. பழி யார் தலையில்? பானா கசோண்டே தலையில்! இந்தச் சாலையில் காளானென்றால் எல்லோருக்கும் அவள் பெயர்தானே தெரியும். இப்போது ஒரு கார்கூட வேகத்தைக் குறைப்பதில்லை. நான் பொரித்த உருண்டையும் ஆறிக் கிடக்கிறது.

இன்று காலை ம்வீலா மறுபடியும் நறுக்கிய காளானோடு வந்து உட்கார்ந்தாள். கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

"ஏண்டி, இன்னுமா?" என்றாள் பானா கசோண்டே.

"புழு கடிச்சிருக்கு, பாருங்கண்ணி. புழு தின்னா மனுசனும் தின்னலாம்."

"புழு செத்தா எவளாவது ஒப்பாரி வைக்கிறாளா, உனக்குத் தெரியறதுக்கு?"

"மண்ணோட வெச்சா எவன் நிக்கிறான்? வீட்ல ராத்திரி களி கிண்ட மாவில்ல."

பானா கசோண்டே எழுந்தாள். ம்வீலாவின் பேசினைத் தூக்கித் தார்ச்சாலையில் கவிழ்த்தாள். வந்த லாரி கொட்டிய காளான்களின் மேல் ஏறிப் போனது. ம்வீலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

தன் வாளியில் இருந்ததில் பாதிக்குமேல், மண்ணோடு, அந்தக் காலிப் பேசினில் அள்ளிப் போட்டாள் பானா கசோண்டே. பிறகு குனிந்து, ம்வீலா காளான் நறுக்கும் கத்தியை எடுத்துத் தன் இடுப்புத் துணியில் செருகிக்கொண்டாள்.