மூன்று விரல் பவுடர்

ப்ரானோம் அக்காவுக்கு வெயில் ஆகவே ஆகாது. வட தாய்லாந்தின் லம்பாங்கில் எங்கள் தெருவின் எதிர்ச்சாரிக்குப் போய் மீன் வாங்கி வருவதற்குக்கூடக் குடை, முழுக்கைச் சட்டை, கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு, முகத்தில் அப்பிய பவுடர் என்று போருக்குப் போவதுபோலத்தான் கிளம்புவாள். காலமெல்லாம் அழகு நிலையம் நடத்தியவள். தன் முகமே கறுத்துவிட்டால் யார் வந்து தலையைக் கொடுப்பார்கள் என்பாள். அப்படிப்பட்டவள்தான் வெயிலைக் காசு கொடுத்து வாங்கி மாடியில் கட்டித் தொங்கவிட்டாள். வாங்கியது என் கடையில்.

என் கடை அவள் வீட்டை ஒட்டியது. வளர்ப்பு மீன், ஆமை, பச்சை ஓணான் விற்கிறேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுச்சுவர். அவள் மிளகாய் இடித்தால் என் ஆமைகள் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

முழங்கால் வலியால் நிற்க முடியாமல் போய்தான் அழகு நிலையத்தை மூடினாள். கஞ்சா வளர்க்கலாம் என்று சட்டம் இறங்கிவந்த சமயம் அது. மாடி அறையில் விளக்குகளை மாட்டி, அனுமதி வாங்கி, கஞ்சா வைத்தாள். தெருவே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அவள் கணவர் சம்ருவாய். ஷேர் வண்டி ஓட்டி ஓய்ந்தவர். அத்தனை தொட்டிகளையும் மண்ணோடு மாடிக்குச் சுமந்தவரும் அவரேதான்.

செடிகளுக்குப் பழைய வாடிக்கையாளர்களின் பெயர்களை வைத்தாள். நெட்டையாக நின்றது பேங்க் மேடம். பக்கத்துச் செடிமேல் சாய்ந்துகொண்டே இருந்தது டீச்சரம்மா. மூலையில் சோனியாக இருந்த ஒன்றுக்கு மட்டும் யார் பெயரும் பொருந்தவில்லை, கடைக்குட்டி என்று விட்டுவிட்டாள். தினமும் நடுப்பகலில் அவர்கள் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து தெருக்கதை பேசுவாள். முன்பு தலைக்குச் சாயம் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் பேசியதும் இதே கதைதான்.

பூக்களை ஆற்றங்கரை மருத்துவமனையில் வலிக்கான எண்ணெய் காய்ச்ச எடுத்துக்கொண்டார்கள். ஒரு அறுவடையின்போதுதான் அங்குள்ள டாக்டரம்மா கையை விரித்துவிட்டார். மருந்தாகும் பிசின் பூவில் போதவில்லையாம். அடுத்ததும் இப்படியே வந்தால் வாங்க முடியாது என்றார். இந்தச் சேதி எப்படியோ பாங்காக்கில் இருக்கும் மகள் நருமோன் காதுக்குப் போய்விட்டது.

"போதும்மா. முட்டிவலியோட மாடிப்படி ஏறி யாருக்கும்மா உழைக்கிறே? இங்க ஒரு ரூம் சும்மாதானே கெடக்கு. அப்பாவையும் கூட்டிக்கிட்டு வந்துடு."

"இந்த ஒரு தடவை பாத்துடுறேன்டி. இதுவும் சரியா வரலன்னா வீட்டப் பூட்டிட்டு வந்துடுறேன். போதுமா?"

அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், பொதுச்சுவர் வழியாக இது எனக்கும் கேட்டது.  எனக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் இருக்கிறது, அவ்வளவுதான். அதையும் மகள் வண்டியேற்றிக் கூட்டிப்போய்விட்டால் நான் ஆமைகளோடு பேச வேண்டியதுதான்.

அந்த வாரம்தான் அக்கா என் கடையில் ஓணான் கூண்டின் முன்னால் நின்றாள்.

"இதுக்கு எதுக்குடி, திவ், தனியா ஒரு டியூப் லைட்டு?"

"வீட்டுக்குள்ளயே கெடக்குற ஓணானுக்கு வெயில் வேணும்லக்கா. இது புற ஊதாக் கதிர் விடும். இல்லாட்டி எலும்பு நொந்துபோயிடும்."

"என் புள்ளைங்களும் வீட்டுக்குள்ளயேதானே கெடக்குதுங்க!"

செடிக்கு இந்தக் கதிர் பட்டால் தன்னைக் காத்துக்கொள்ளப் பிசினைக் கூடுதலாகச் சுரக்கும் என்று வளர்க்கிறவர்கள் பேசிக்கொள்வதுதான். இந்தக் கதிர் அதிகம் விழும் மலைமேல் விளைவதில் பிசினும் அதிகம் என்பார்கள். அக்காவுக்கும் அது தெரிந்திருந்தது. பூக்கும் பருவத்தில் தினம் கொஞ்ச நேரம் எரியவிட்டால் போதும் என்றாள். டியூப்களைக் கொடுக்கும்போதே நான் படித்துப் படித்துச் சொன்னேன்: செடிக்கு மேல் ஒரு கை தூரம் விட்டு மாட்ட வேண்டும், எரியும்போது யாரும் உள்ளே போகக்கூடாது. தலையைத் தலையை ஆட்டினாள். சம்ருவாய் அண்ணன் சங்கிலி போட்டு, நான் சொன்ன உயரத்தில் மாட்டிவிட்டார்.

மொட்டு விட்டதும் அக்கா அடுத்த வேலையை ஆரம்பித்தாள். எங்கள் பக்கம் நெல் சூல் கொண்டால், வயலின் தெய்வமான நெல்தாய்க்கு மசக்கை என்று புளிப்புப் பழமும் சீப்பும் கண்ணாடியும் வாசனைப் பவுடரும் வைப்போம். பயிரின் இலையில் பவுடரைத் தொட்டு வைத்து, பிள்ளைத்தாய்ச்சியிடம் பேசுவதுபோல நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வருவோம். அக்கா கஞ்சாவுக்கும் அதையே செய்தாள். மாங்காய்க் கீற்று வைத்தாள், புளி வைத்தாள், அழகு நிலையத்துச் சீப்பையும் வைத்தாள். கடைக்குட்டியிலிருந்து ஆரம்பித்து, மூன்று விரலால் பவுடரைத் தொட்டு அதன் பெரிய இலைகளில் வைத்துக்கொண்டு வரும்போதே சம்ருவாய் கத்தினார்.

"அடியே, மருந்துக்குப் போற செடிடி! அதுக்குப் போயி பவுடர் பூசுறே!"

"வயசுப்பொண்ணு வெளுப்பா இருக்கணும்யா" என்றாலும் கையை எடுத்துக்கொண்டாள். பவுடர் கடைக்குட்டியோடு நின்றது.

சில நாளில் அவள் கண் சிவந்தது. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. கேட்டால் மிளகாய் நெடி என்றாள். தெரு சும்மா இருக்குமா? சம்ருவாய்க்கு இந்த வயதில் வெளியே ஏதோ தொடர்பு என்று சலூன்காரர் சொன்னதாக மீன்காரி என்னிடம் சொன்னாள். பாவம், அந்த மனுஷன் ஒருநாள் என் கடைக்கு வந்து, மீன் தொட்டியைப் பார்த்தபடியே, "திவ், நான் என்னம்மா தப்புப் பண்ணேன்? என்னப் பாக்கும்போதெல்லாம் அழுவுறா" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

பிறகு இலைகள் மாற ஆரம்பித்தன. மேல் இலைகள் எல்லாம் துருப்பிடித்த தகரம்போல் பழுப்பேறி, ஓரம் சுருண்டு மொறமொறவென்று ஆயின. இலைப்பேன் விழுந்திருக்கிறது என்றார் ஒருவர். தண்ணீர் உப்பு என்றார் இன்னொருவர். அக்கா யாரையும் குறை சொல்லவில்லை. தான் வைத்த மாங்காய் புளிக்கவில்லை, அதுதான் தாய்க்குக் கோபம் என்றாள். மறுநாள் காலையில் அழகு நிலையத்துக் கத்தரிக்கோல்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது?"

"நருமோன் வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போகத்தான். அங்கயும் யாருக்காவது முடி வெட்டுவேன்ல."

எனக்குத் தாங்கவில்லை. விறுவிறுவென்று மாடி ஏறினேன். விளக்கு எரியும் நேரமில்லை. பேங்க் மேடம், டீச்சரம்மா, எல்லாரும் பழுப்பு. கடைக்குட்டியும் பழுப்புதான். ஆனால் அதன் பெரிய இலையில் பவுடர் அப்பியிருந்ததை விரலால் துடைத்துப் பார்த்தேன். அடியில் மூன்று விரல் அகலத்துக்குப் பச்சைப் பசேலென்று இருந்தது. அடுத்த இலையிலும் மூன்று பச்சைத் தடம்.

பேனுக்கும் உப்புக்கும் பவுடர் எங்கே என்று தெரியுமா? மேலிருந்து விழும் எதையோதான் அது மறைத்திருக்கிறது. நிமிர்ந்து பார்த்தேன். என் டியூப்கள் செடிகளின் உச்சந்தலையில் இடிக்காத குறையாகத் தொங்கின. பின்னாலேயே மூச்சுவாங்க வந்து நின்றாள் அக்கா.

"யாருக்கா இத எறக்குனது?"

"நாந்தான். கைய நீட்டிப் பாத்தேன்டி. சூடே இல்ல. தலை காயவைக்கிற மெஷினக்கூட எட்ட வச்சா முடி எங்கடி காயும்? அதான் பக்கத்துல எறக்குனேன்."

"அது சுடாதுக்கா, ஆனா எரிக்கும்! கழுத்துல இருக்குற துண்ட எடு."

"எதுக்குடி?"

"எடுங்குறேன்ல!"

எடுத்தாள். பவுடர் பூசிய முகம் வெள்ளையாக இருந்தது. அதற்குக் கீழே, துண்டு நழுவும் இடமெல்லாம் கழுத்து சிவந்து தோல் உரிந்துகிடந்தது. எதிர்ச்சாரிக்குக்கூடக் குடையில்லாமல் போகாத பெண்ணின் கழுத்து. அப்போதுதான் எனக்குக் கண் சிவந்த காரணமும் புரிந்தது.

"எரியும்போது உள்ள உக்காந்திருக்கியா நீ?"

"பின்ன? மாசமா இருக்குற பொண்ணுங்கள யாராவது தனியா விடுவாங்களா?"

வாய்க்கு வந்தபடி திட்டினேன். கண் போயிருந்தால் என்ன செய்வாய், கிறுக்கி, என்று வயதில் மூத்தவளைத் திட்டினேன். அவள் இலையில் இருந்த மூன்று பச்சைத் தடத்தின்மேல் தன் மூன்று விரலை வைத்துப் பார்த்தாள். சரியாகப் பொருந்தியது. "என் புள்ளைங்கள நானே வாட்டிட்டேனே" என்று அழுதாள். இந்தத் தடவை அது நிஜ அழுகைதான்.

சம்ருவாய் விளக்கைப் பழைய உயரத்துக்கு ஏற்றினார். எரியும் நேரத்தைக் குறைத்தோம். கண் மருத்துவர் சொட்டு மருந்து கொடுத்து, திரைச்சீலை போட்ட அறையில் இருக்கச் சொன்னார். அத்தனை நாளும் சம்ருவாய் மாடிக்கும் கீழுக்குமாக ஓடி, எந்தச் செடி எப்படி நிற்கிறது என்று அவளுக்கு வந்து சொன்னார். பாதியை அவராகவே இட்டுக்கட்டினார் என்பது எனக்குத் தெரியும். டீச்சரம்மா நிமிர்ந்து நின்று வணக்கம் சொன்னாளாம்.

இலைகள் போனது போனதுதான், பூக்கள் பிழைத்தன. டாக்டரம்மா வந்து மாதிரி எடுத்துப் போனார். சோதனை முடிந்து திரும்பி வந்தபோது நாங்கள் மூவரும் அவர் பின்னாலேயே மாடி ஏறினோம்.

"பிசின் நல்லா இருக்கும்மா. எடுத்துக்கிறேன்" என்றவர், மூலையைப் பார்த்தார். "அது மட்டும் வேண்டாம். அதுல பவுடர் பட்டிருக்கு."

"தெரியும் டாக்டர். அது எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள் அக்கா. குரலில் வருத்தமே இல்லை.

கடைக்குட்டியின் பூக்களை அறுத்துவிட்டு, அடிக்கிளைகளை மட்டும் வைத்துக்கொண்டு, கீழே பழைய அழகு நிலையத்துப் பெரிய கண்ணாடியின் முன்னால் வைத்தாள். மறுபடி துளிர்க்கட்டும் என்று சாதாரண விளக்கை நாளெல்லாம் எரியவிட்டாள். வெகுநாள் சும்மா நின்ற செடி ஒருநாள் புதுத்துளிர் விட்டது. அதிலிருந்து குச்சி ஒடித்து நட்டாள். இன்று மாடியில் இருக்கும் அத்தனை செடியும் அந்தச் சோனியின் பிள்ளைகள்தான்.

இப்போது விளக்கு எரியும் நேரத்தில் அக்கா கதவைச் சாத்திவிட்டு வெளியே மாடிப்படியில் உட்காருகிறாள். குடை உண்டு. பக்கத்தில் சம்ருவாய் மாங்காய் சீவுவார். உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்க வேண்டும் என்று அவள் தெருக்கதையைச் சத்தமாகப் பேசுவதால், இப்போது எனக்கும் ஒரு வார்த்தை தப்புவதில்லை.

போன வாரம் நானும் அந்தப் படியில் இருந்தேன். நருமோன் பேசினாள்.

"எப்பம்மா வர்றே?"

"எங்கடி வர்றது? கடைக்குட்டி வயித்துப் புள்ளைங்க எல்லாம் மொட்டு விட்டிருக்கு. இங்க திவ் வேற தனியா இருக்கா. விட்டுட்டு வரச் சொல்றியா?"

நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்கா போனை மடியில் வைத்துவிட்டு என் கண்ணை உற்றுப் பார்த்தாள்.

"என்னடி, நீயும் லைட்டுக்கு அடியில போயி உக்காந்தியா?"