பின்னால் போன ரோபோவும் எலுமிச்சை ஊறுகாயும்

ஹெச்.எம். அம்மாவுக்கு எங்கள் ரோபோவை முதன்முதலாக ஓட்டிக் காட்டியது ஒரு வெள்ளிக்கிழமை காலை, பிரேயர் முடிந்ததும். முன்னால் போகிற சுவிட்சை அழுத்தினோம். அது விறுவிறுவென்று பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது.

"ஏனுங் டீச்சர், போட்டிக்கும் ரிவர்ஸ்லயேதான் கூட்டிட்டுப் போவீங்களா?" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி. கணபதி என்கிற ஊரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் பிசிக்ஸ் டீச்சர். பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்காகச் செய்த ரோபோ என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு பிளைவுட் பலகை, பழைய காரிலிருந்து கழற்றிய வைப்பர் மோட்டார் இரண்டு, ஒரு பைக் பேட்டரி, நீள ஒயரில் தொங்கும் சுவிட்ச் பெட்டி. அவ்வளவுதான். சாமான்களெல்லாம் சுலபமாகக் கிடைத்தன. பிள்ளைகளின் நேரம்தான் கிடைக்கவில்லை.

டீமில் ஏழு பேர், எல்லாரும் ப்ளஸ் ஒன். ஏ செக்‌ஷன் நந்தினிக்கு விடியற்காலையில் கணக்கு டியூஷன், பள்ளி விட்டதும் கெமிஸ்ட்ரி டியூஷன். பி செக்‌ஷன் அன்வர் அப்பாவின் இரும்புக் கடையைத் திறந்து வைத்துவிட்டு, பெல் அடிக்கும்போதுதான் மூச்சு வாங்க ஓடி வருவான். மற்றவர்களுக்கு ஹாக்கி, என்.சி.சி., டைப்ரைட்டிங்.

"நேரமில்லாத புள்ளைகள உட்டுப்போட்டு, சும்மா இருக்கறதுகளச் சேத்துக்குங்க" என்று ஹெச்.எம். ஆரம்பத்திலேயே சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. ஆசைப்பட்டுப் பேர் கொடுத்தது இந்த ஏழு பேர்தான். சும்மா இருந்த மகராசர்கள் லேப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நான் மில் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அதனால் மில் மாதிரியே ஷிப்ட் போட்டேன். பிரேயருக்கு முன்னால் நந்தினி கூட்டம், பள்ளி விட்டபின் அன்வர் கூட்டம். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்க்காமலே ரோபோ வளர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமைதான் அன்றைக்குச் சுவரில் முட்டியது.

"இன்னைக்குக் காலைலகூட மோட்டார் ஒயரை மாத்திச் சரி பண்ணுனனே டீச்சர்!" என்றாள் நந்தினி.

அன்வர் திரும்பினான். "நீதானா அது? தெனமும் சாயங்காலம் வந்தா ரிவர்ஸ்ல ஓடுது. நான் சரி பண்ணி வெச்சுட்டுப் போறேன், மறுநாளும் அப்படியே இருக்குது!"

"நான் பாக்கறப்ப சக்கரம் எதிர்ப்பக்கமா சுத்துச்சே!"

"எப்படி வெச்சுப் பாத்தே?"

"மேசை மேல கவுத்துப் போட்டு. இல்லீன்னா ஓடிப்போய்க் கீழ உழுந்துருமே."

"அடக் கொடுமையே! கவுத்துப் போட்டா எதிர்ப்பக்கமாத்தான தெரியும்!"

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. ஹெச்.எம்.முக்கு வரவில்லை. "ஒருத்தர் பண்றது இன்னொருத்தருக்குத் தெரியறதில்ல. திங்கக்கிழமை மறுபடியும் பாப்பேன். அப்பவும் இதே கதைன்னா ஏழு பேரையும் மாத்திருங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். நந்தினிக்குக் கண் கலங்கிவிட்டது. அன்வர் சுவிட்ச் பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை.

மில்லில் அடுத்த ஷிப்டுக்கு வருகிற ஆள் மெஷின் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் இருக்கிற ஆள் நகர்வார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் போவார். நான் ஷிப்டை மட்டும் எடுத்துக்கொண்டு அதை விட்டுவிட்டேன். சரி, இவர்களை எப்போது சந்திக்க வைப்பது? டைம் டேபிளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

அன்வர்தான் கேட்டான்: "டீச்சர், சோறு எல்லாரும் ஒரே நேரத்துலதானுங்க திங்கறோம்?"

லேப் வாசலில் 'உள்ளே சாப்பிடக் கூடாது' என்று என் கையெழுத்திலேயே ஒரு அட்டை தொங்கியது. அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

அன்று மத்தியானமே பேச்சு ஆரம்பமாகிவிட்டது. நந்தினி புளிசாதத்தைப் பிசைந்துகொண்டே காலையில் செய்ததைச் சொல்ல, மற்றவர்கள் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டார்கள். ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டு வந்த அன்வருக்கு வந்ததும் வராததுமாக எல்லாம் ஒப்பிக்கப்பட்டது. பலகையின் முன்பக்கம் சிவப்புப் பெயிண்டில் ஒரு அம்பு போட்டார்கள். இனிமேல் தரையில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும் என்று முடிவானது.

திங்கட்கிழமை மத்தியானம் ஹெச்.எம். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். லேப் மேசை நிறைய டிபன் பாக்ஸ்.

"லேப்ல சோறா?"

நந்தினியின் வாயில் சோறு இருந்தது. அன்வர் அவளுடைய ஊறுகாய் பாட்டிலை எடுத்து, தரையில் நின்ற ரோபோவின் மேல் வைத்து, சுவிட்சை அழுத்தினான். அது நேராக முன்னால் வந்து ஹெச்.எம். காலடியில் நின்றது.

அவர் குனிந்து பாட்டிலைப் பார்த்தார். "எலுமிச்சையா?"

"ஆமாங்க மேடம். எங்கம்மா போட்டதுங்க" என்றாள் நந்தினி, சோற்றை விழுங்கிவிட்டு.

"எனக்கு இன்னைக்குத் தயிர்சாதந்தான்" என்று பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டார். வாசலுக்குப் போய்த் திரும்பி, "ஏழு பேரும் இருக்கட்டுங் டீச்சர்" என்றார். பாட்டில் மறுநாள்தான் திரும்பி வந்தது, பாதி காலியாக.

இப்போது டீம் நடத்தும் இளம் ஆசிரியர்கள், "பிள்ளைகளுக்கு நேரமே இல்லைங்க மேடம்" என்று என்னிடம் புலம்புகிறார்கள். வேலைக்கு நேரம் தேடும் முன், அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேச நேரம் இருக்கிறதா என்று பாருங்கள் என்பேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

போட்டியில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். இரண்டாவது சுற்றில் பேட்டரி படுத்துவிட்டது. ஆனால் அன்றைக்கு நந்தினி இரண்டு டியூஷனுக்கும் மட்டம் போட்டிருந்தாள். அன்வரின் கடையை அவன் அப்பாவே திறந்தாராம். நேரமே இல்லாத அந்த ஏழு பேரில் ஒருவர்கூட வராமல் இருக்கவில்லை.